வடதுருவ ஒளியும் வானொலிச் செவியும்

1938-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள் இரவு, ஐரோப்பாவின் வானம் சிவந்தது. ஸ்காந்திநேவிய நாடுகளில் அடிக்கடி தோன்றும் துருவ ஒளி அன்று தன் எல்லையைக் கடந்து தெற்கே இறங்கிப் போர்த்துகலிலும் ஜிப்ரால்ட்டரிலும் கூடத் தெரிந்தது. எங்கோ பெருந்தீ மூண்டுவிட்டது என்றெண்ணிய மக்கள் பல ஊர்களில் தீயணைப்புப் படையினரை அழைத்தனர். போர் வரக்கூடும் என்னும் அச்சம் ஏற்கெனவே நிலவிய காலமாதலின், அச்செம்மையைத் தீநிமித்தமாகக் கொண்டோரும் பலராவர்.

அதே இரவில் அறைக்குள்ளே செவிக்கருவியை அணிந்து வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தோரும் உளர். அவர்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி நாள்தோறும் வந்துகொண்டிருந்த சிற்றலைக் குரல்கள் தேய்ந்து மறைந்தன, எஞ்சியது வெற்றிரைச்சலே. வெளியே நின்றவர் கண்ணாற் கண்டதை உள்ளே இருந்தவர் செவியால் அறிந்தனர். துருவ ஒளியைக் கண்டவர்களின் வரலாறு பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அதனைக் கேட்டவர்களின் வரலாறு, இன்னும் சரியாகச் சொன்னால் அதன் காரணமாக எதையும் கேட்க முடியாமற் போனவர்களின் வரலாறு, அத்துணை விளக்கம் பெறவில்லை.

துருவ ஒளிக்கும் செய்திப் போக்குவரத்துக்கும் உள்ள உறவு வானொலிக்கு முற்பட்டது. 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆங்கில வானியலார் ரிச்சர்டு காரிங்டன் கதிரவனின் முகத்தில் திடீரென வெண்சுடர் ஒன்று எழுந்தடங்கக் கண்டார். மறுநாள் உலகெங்கும் திசைகாட்டிகளின் முட்கள் தடுமாறின. கியூபாவிலும் துருவ ஒளி தெரிந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் போர்ட்லாந்து நகரிலும் இருந்த தந்திப் பணியாளர் இருவர் தம் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, துருவ ஒளி கம்பியில் எழுப்பிய மின்னோட்டத்தை மட்டுமே கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறிக்கொண்டனர். இயற்கை அன்று தந்திக்காரருக்குக் கூலி வாங்காத ஊழியனாயிற்று எனலாம். கம்பியில்லாத் தந்தி வந்தபின் அவ்வூழியன் எவ்வாறு மாறினான் என்பதே இங்குச் சொல்லவேண்டிய செய்தி.

1901-ஆம் ஆண்டின் இறுதியில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து குறிப்பொலியைப் பெற்றதாக அறிவித்தபோது, அறிவியலார் வியப்பினும் ஐயமே மிகுதியாகக் கொண்டனர். நேர்க்கோட்டிற் செல்லும் அலை, உருண்டையான நிலத்தின் வளைவைச் சுற்றி வந்தது எங்ஙனம்? வானத்தின் உயரத்தே மின்னோட்டத்தைக் கடத்தவல்ல ஓர் அடுக்கு இருத்தல் வேண்டும் என்று 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆப்பிள்டன், பார்னெட் என்னும் இருவரும் போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளை ஆக்ஸ்போர்டில் இருந்து பெற்று, அவ்வடுக்கு உண்மையில் இருப்பதை மெய்ப்பித்தனர். ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபெல் பரிசு கிட்டியது.

அவ்வடுக்கு ஒன்றன்று, பல. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கீழடுக்கு பஞ்சு போன்றது. தன் வழியே செல்லும் மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்ததும் அஃது ஏறக்குறைய இல்லாதொழியும். அப்பொழுது அலைகள் தடையின்றி மேலே சென்று, 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள அடுக்குகளிற் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவில் தரை இறங்கும். பகலில் அண்டை ஊர் மட்டுமே கேட்கும் வானொலிப் பெட்டியில் இரவானதும் அயல்நாட்டு மொழிகள் ஒலிப்பது இதனால்தான்.

இனி, கதிரவனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்துகள்கள் ஓரிரு நாளிலோ மூன்று நாளிலோ பூமியை எட்டும்போது, பூமியின் காந்தப்புலம் அதிர்கிறது. அவ்வதிர்ச்சியில் விரைவூட்டப் பெற்ற எலெக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளிற் பொழிகின்றன. காற்றோடு மோதி அவை எழுப்பும் ஒளியே துருவ ஒளி. அவற்றுள் ஆற்றல் மிக்கவை இன்னும் கீழே புகுந்து, இரவில் மறைந்திருக்க வேண்டிய பஞ்சடுக்கை நள்ளிரவிலேயே மீண்டும் உண்டாக்கிவிடுகின்றன. வடதிசை வழியாக வரும் அலை அதனுள் நுழைந்து அங்கேயே மடிகிறது. சிற்றலைக்கு மற்றொரு கேடும் நேர்கிறது. அதனைத் திருப்பியனுப்பும் மேலடுக்கு வலுவிழப்பதால், உயர் அதிர்வெண் அலைகள் திரும்பாமல் விண்வெளிக்கே போய்விடுகின்றன. கீழே பஞ்சு, மேலே உடைந்த கண்ணாடி என்று சொன்னால் பொருந்தும்.

இந்த அறிவெல்லாம் ஒரே நாளில் வந்ததன்று. ஆய்வுக்கூடங்களில் மட்டும் பிறந்ததும் அன்று. 1920-களில் தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு பெரும் பொழுதுபோக்காகப் பரவியது. 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க வானொலி ஆர்வலர் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காத்லாந்தின் ஆர்த்ரோசன் ஊருக்கு அனுப்பியது. கடலோரத்தில் கூடாரம் அடித்து, நெடுங்கம்பி ஒன்றைத் தாழ்வாகக் கட்டி, குளிரிலும் மழையிலும் காத்திருந்த காட்லி, கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சிலிருந்து ஆர்வலர்கள் 230 மீட்டர் அளவான அலையில் அனுப்பிய குறிப்பொலியைக் கேட்டார். பெருநிறுவனங்கள் பயனற்றதென ஒதுக்கியிருந்த அலைவரிசை அது.

இவ்வெற்றிக்குப்பின் கேட்போர் தொகை பெருகியது. ஒரு நிலையத்தைக் கேட்டவர், நேரம், அலைவரிசை, ஒலித்த பாடல், அறிவிப்பாளரின் சொற்கள் ஆகியவற்றைக் குறித்து அந்நிலையத்துக்கு மடல் எழுதுவார். நிலையத்தார் ஒப்பிட்டுப் பார்த்துச் சான்றட்டை விடுப்பர். சிக்காகோவின் எக்கோ நிறுவனம் 1924-இல் இதற்கென்றே தனி முத்திரைத் தலைகளை அச்சிட்டது. 1933-இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய வானொலிக் கழகம் போன்ற அமைப்புகள் உறுப்பினர்தம் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டன. இவர்களைப் புலமையில்லாப் பொழுதுபோக்கினர் என்று ஒதுக்குதல் எளிது. ஆனால் ஒருவன் ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒரே பெட்டியைக் கொண்டு, இருபது ஆண்டுக் காலம் இரவுதோறும் எழுதிவைக்கும் ஏட்டை எந்த ஆய்வுக்கூடம் எளிதில் பெறும்?

அவ்வகையான பொறுமை அறிவியலுக்குப் பயன்பட்டமைக்குப் பிக்கார்டின் பணி சான்று. படிக உணர்கருவியை உருவாக்கிய கிரீன்லீஃப் பிக்கார்டு, 1926-ஆம் ஆண்டு முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் சென்டரில் இருந்தவாறு, ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிக்காகோவின் டபிள்யூ.பி.பி.எம். நிலையத்தின் வலிமையை இரவுதோறும் அளந்தார். நிகழ்ச்சி நன்றாக இருந்ததா என்பது அவர் கவலையன்று. குரல் எவ்வளவு ஓங்கி வந்தது என்பதே அவர் வினா. கதிரவனின் கரும்புள்ளிகள் மிகுந்து காந்தப்புலம் கலங்கிய காலங்களில் இரவு வரவேற்பு தளர்வதை அவ்வளவைகள் காட்டின. ஹார்லன் ஸ்டெட்சன் என்னும் வானியலார் அப்பணியைத் தொடர்ந்து, 1937-இல் கரும்புள்ளிகளின் விளைவுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இசை நிகழ்ச்சிக்காக எழுப்பப்பட்ட நிலையம் ஒன்று, தான் அறியாமலே கதிரவனை அளக்கும் கோலாயிற்று.

இதனினும் சுவையான நிகழ்ச்சி ஒன்று நார்வே நாட்டில் நடந்தது. ஆஸ்லோ நகரை அடுத்த பிக்டோய் என்னுமிடத்தில் யோர்கன் ஹால்ஸ் என்னும் பொறியாளர் வாழ்ந்தார். 1927-ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில், ஆலந்து நாட்டின் ஐந்தோவன் நகரிலிருந்து பி.சி.ஜே.ஜே. என்னும் புதிய சிற்றலை நிலையம் ஒலிபரப்பியதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். குறிப்பொலி ஒன்று வந்தது. ஏழில் ஒரு பங்கு வினாடி கழித்து அதன் எதிரொலி வந்தது. இஃது அலை உலகைச் சுற்றிவந்ததன் விளைவு, புதிதன்று. ஆனால் ஏறத்தாழ மூன்று வினாடி கழித்து இன்னோர் எதிரொலி மெலிதாகக் கேட்டது. ஒளியின் விரைவில் செல்லும் அலை மூன்று வினாடியில் ஒன்பது இலட்சம் கிலோமீட்டர் சென்றிருக்கும். நிலவுக்குச் சென்று மீள்வதற்குக் கூட அதற்கு மூன்று வினாடி வேண்டியதில்லை. அப்படியாயின் அவ்வலை எதன்மேற் பட்டுத் திரும்பியது?

ஹால்ஸ் தாம் கேட்டதை நம்பினார். அதற்கு விளக்கம் வேண்டிப் பேராசிரியர் கார்ல் ஸ்டோர்மருக்கு எழுதினார். அவர் நாடியது தக்காரையே. கணிதப் பேராசிரியரான ஸ்டோர்மர் தம் வாழ்நாளைத் துருவ ஒளிக்கு ஒப்படைத்தவர். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒளிப்படம் எடுத்து, விண்மீன்களை அளவையாகக் கொண்டு துருவ ஒளியின் உயரத்தைக் கணித்தவர் அவர். அவ்வொளித் திரைகளின் கீழ்விளிம்பு பெரும்பாலும் தரையிலிருந்து 100 கிலோமீட்டரை ஒட்டி அமைவதை அவர்தம் ஆயிரக்கணக்கான அளவைகள் நிலைநாட்டின. வானொலி அலைகள் திரும்பும் உயரமும் அதனை ஒட்டியதே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் எவ்வெவ் வழியிற் செல்லும் என்பதையும் அவர் ஆண்டுக்கணக்காகக் கணக்கிட்டிருந்தார்.

முன்பின் அறியாத ஒருவரின் மடலைக் குப்பையில் இடாமல், ஸ்டோர்மர் அதனைச் சோதிக்கத் துணிந்தார். ஐந்தோவனில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் பால்தசார் வான் டெர் போல் சோதனைக் குறிப்பொலிகளை அனுப்ப இசைந்தார். 1928-ஆம் ஆண்டு வசந்தத்தில் தொடங்கிய முயற்சி பல மாதம் பலனளிக்கவில்லை. அக்டோபர் 11-ஆம் நாள் பிற்பகலில் பிக்டோயில் ஹால்சும் ஸ்டோர்மரும் எதிரொலிகளைத் தெளிவாகக் கேட்டனர். ஸ்டோர்மர் உடனே தந்தி அடித்தார். அன்றிரவே வான் டெர் போலும் கேட்டார். 3 வினாடி முதல் 15 வினாடி வரை பிந்தி அவை வந்தன. சிற்றலை எதிரொலிகளையும் துருவ ஒளியையும் இணைத்து ஸ்டோர்மர் அவ்வாண்டே நேச்சர் இதழில் எழுதினார். பூமியைச் சூழ்ந்து வெகுதொலைவில் ஓடும் எலெக்ட்ரான் பெருக்கே, அதாவது துருவ ஒளியைப் பிறப்பிக்கும் அப்பெருக்கே, அலைகளைத் திருப்பியனுப்பும் சுவர் என்பது அவர் கருத்து. பிற்காலத்தார் வேறு விளக்கங்களைக் கூறினர். எல்லாரும் ஒப்பும் விடை இன்றளவும் கிட்டவில்லை. விடை யாதாயினும், வீட்டில் அமர்ந்து கேட்டவர் ஒருவரின் செவியைப் பேராசிரியர் ஒருவர் மதித்தமை அறிவியல் வரலாற்றில் நினைக்கத்தக்க பண்பாகும்.

மத்திய அலை கேட்போருக்குத் துருவ ஒளி முதலில் பகையாகவே தோன்றியது. அமெரிக்காவின் வடகிழக்கில் இருப்பவர் ஐரோப்பிய நிலையங்களைத் தேடினால், அவ்வலைகள் பூமியின் வளைவில் மிகக் குறுகிய வழியைப் பற்றி வடக்கே உயர்ந்து வந்திறங்கும். துருவ ஒளி வளையம் அவ்வழியில் குறுக்கே நிற்கிறது. பூமியின் காந்தத் துருவம் வட அமெரிக்காவின் பக்கம் சாய்ந்திருப்பதால் இவ்வளையமும் அப்பக்கமே தாழ்ந்து வருகிறது. புயல் வந்த இரவில் ஸ்காந்திநேவியக் குரல்கள் முதலில் ஓயும். பிறகு பிரித்தானியக் குரல்கள். புயல் கடுமையாயின் ஸ்பெயினும் மறையும்.

ஆயினும் தேர்ந்த கேட்போர் அவ்விரவுகளில் பெட்டியை அணைத்துவிட்டு உறங்கச் செல்லவில்லை. வடக்கு அடங்கியபோது தெற்கு எழுவதை அவர்கள் கண்டனர். வழக்கமாக நள்ளிரவில் வடமாநிலத்து நிலையம் ஒன்று ஆண்டுவந்த அலைவரிசையில் கியூபாவின் இசை கேட்டது. வெனிசுவேலாவும் கொலம்பியாவும் வந்தன. அந்நிலையங்கள் அன்று திடீரென வலிமை பெற்றுவிட்டனவா? பெரும்பாலும் இல்லை. அவை ஒவ்வோர் இரவும் வந்துகொண்டேதான் இருந்தன. அதே அலைவரிசையில் வடக்கிலிருந்து வந்த உரத்த குரல் அவற்றை மூடியிருந்தது. சந்தை இரைச்சலில் தொலைவில் நின்று பேசுபவன் சொல் கேளாது. அருகில் கூவுவோர் வாயடைத்தால் அவன் சொல் கேட்கும். தெற்கிலிருந்து வரும் அலையின் பாதை துருவ ஒளி வளையத்தைத் தொடாததால் அதற்குக் கேடில்லை. துருவ ஒளி இவ்வாறு ஒரு சல்லடையாயிற்று. எந்நிலையங்கள் கேட்கவில்லை என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தால், வளையம் அன்று எவ்வளவு தெற்கே இறங்கியுள்ளது என்பதை முகிலால் வானம் மூடிய இரவிலும் ஒருவர் ஊகிக்கலாம். கேளாதவற்றின் பட்டியலுக்கும் பொருள் உண்டு என்பதே இப்பொழுதுபோக்கு கற்பித்த அரிய பாடம். சான்றட்டைகளை எண்ணிச் சேர்ப்பதிலேயே நின்றுவிட்டவர்கள் இதனை இழந்தார்கள்.

நாளடைவில் கேட்போர் நாட்காட்டியையும் துணைக்கொண்டனர். பூமியிலிருந்து நோக்கக் கதிரவன் தன்னைத்தான் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. ஆகவே ஒரு காந்தக் கலக்கம் வந்தால், 27 நாள் கழித்து அது மீண்டும் வரக்கூடும். செருமானிய அறிஞர் யூலியஸ் பார்ட்டல்ஸ் 1930-களின் இறுதியில், காந்தக் கலக்கத்தைச் சுழியம் முதல் ஒன்பது வரை எண்ணிட்டு உரைக்கும் முறையை வகுத்தார். பின்னர் அமெரிக்காவின் நேர அறிவிப்பு நிலையமான டபிள்யூ.டபிள்யூ.வி. அவ்வெண்ணை ஒலிபரப்பியது. மணிக்குப் பதினெட்டு நிமிடம் கடந்ததும் அந்நிலையத்தைத் திருப்பி, எண் சிறிதாயின் வடக்கையும் பெரிதாயின் தெற்கையும் தேடுவது கேட்போரின் வழக்கமாயிற்று.

மிகு உயர் அதிர்வெண் அலைகளில் நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு. அவ்வலைகளுக்குத் துருவ ஒளி பஞ்சன்று, சுவர். 1938-இல் நார்வேயின் ஹாராங்கும் ஸ்டோஃப்ரெகனும் துருவ ஒளிக் காலத்தில் வானொலி எதிரொலிகளைப் பதிவு செய்தனர். அலைபரப்பும் உரிமம் பெற்ற ஆர்வலர்கள் இதனைத் தம் உரையாடலுக்கே பயன்படுத்திக்கொண்டனர். ஒருவரோடொருவர் பேச விரும்பும் இருவர், ஒருவரையொருவர் நோக்காமல், இருவரும் தம் வான்கம்பிகளை வடக்கே திருப்புவர். அங்கே தொங்கும் ஒளித்திரையிற் பட்டு அலை சிதறி மற்றவரை அடையும். திரை ஓயாது அசைவதால் ஒலி சிதைந்து, மனிதக் குரல் கரகரத்த கிசுகிசுப்பாக மாறிவிடும். எனவே அவர்கள் மோர்ஸ் குறியையே பெரிதும் நம்பினர். அதிலும் தூய ஒலிக்கு மாறாகச் சீறல்தான் கேட்கும். 1957, 1958-ஆம் ஆண்டுகளில் அனைத்துலகப் புவிஇயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, அமெரிக்க ஆர்வலர் சங்கம் இத்தகைய தொடர்புகளின் குறிப்புகளைத் தன் உறுப்பினரிடமிருந்து திரட்டி ஆய்வுக்கு வழங்கியது. ஹால்சின் ஒற்றை மடல் முப்பதாண்டில் ஒரு பெருந்திட்டமாக விரிந்தது எனலாம்.

கேட்கவில்லை என்பதன் காரணத்தை அறியாதவர் மனிதனைக் குறை கூறவும் நேரும். 1989-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாநிலம் காந்தப் புயலால் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது. அறுபது இலட்சம் மக்கள் மின்சாரம் இழந்தனர். அப்புயலில் சோவியத் நாட்டை நோக்கிய ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் ஒலிபரப்பும் தடைப்பட்டது. மாஸ்கோ மீண்டும் குறுக்கொலி எழுப்பி அடைத்துவிட்டது என்றே முதலில் எண்ணினர். நெடுங்காலம் அவ்வாறு அடைத்தவர்கள் மேல் ஐயம் எழுந்தது இயல்பே. ஆனால் அன்று குற்றம் புரிந்தது கதிரவன்.

துருவ ஒளியின் வீட்டிற்கே சென்று குடியிருந்து கேட்போரும் உளர். பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்திலும், நார்வேயின் வடகரையிலுள்ள கொங்ஸ்ஃபியோர்டிலும் மத்திய அலை கேட்போர் குளிர்காலத்தில் மரக்குடில்களில் தங்குகின்றனர். காட்லி ஆர்த்ரோசனில் கட்டியதும் இவர்கள் கட்டுவதும் ஒரே வகை வான்கம்பி. ஹெரால்டு பெவரேஜ் வகுத்தது அது. தாழ்வாக, நேராக, ஒரு கிலோமீட்டர் வரை கூடக் காட்டினூடே நீண்டு செல்லும். எத்திசை நோக்கி நீள்கிறதோ அத்திசையையே கேட்கும். வடக்கின் நடுக்குளிரில் கதிரவன் எழுவதே இல்லையாதலின் பஞ்சடுக்கும் பகலில் தோன்றுவதில்லை. காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நாட்களில் அலாஸ்காவும் ஹவாயும் அமெரிக்க மேற்குக்கரைச் சிற்றூர்களும் துருவத்தைத் தாண்டி வந்து பேசுகின்றன. அதே நாடுகளுக்குப் பயணிகள் பொருள் செலவிட்டு வருவது துருவ ஒளியைக் காண்பதற்கு. ஒளி தோன்றவேண்டுமென்று ஒரு சாராரும், தோன்றாதிருக்க வேண்டுமென்று மற்றொரு சாராரும் ஒரே வானத்தின்கீழ் வேண்டி நிற்கின்றனர்.

இந்த நூற்றாண்டில் அவர்களுக்கு வேறொரு மாற்றம் நேர்ந்துள்ளது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பெரோமுன்ஸ்டர் மத்திய அலை நிலையம் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. செருமனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 டிசம்பர் 31-ஆம் நாளோடு மத்திய அலையைக் கைவிட்டது. ஐரோப்பாவில் இவ்வாறு நிலையங்கள் ஒவ்வொன்றாக அடங்க, முன்பு துருவ ஒளி ஓரிரவு மட்டும் செய்த வேலையைச் செலவுக் கணக்கு நிலையாகச் செய்துவிட்டது. அண்டையின் உரத்த குரல்கள் ஓய்ந்த அலைவரிசைகளில் தொலைவின் மெல்லிய குரல்கள் முன்னினும் தெளிவாகக் கேட்கின்றன. இது நற்பேறு என்று மகிழவும் இயலவில்லை. அண்டையை மூடச் செய்த காரணம் தொலைவையும் விட்டுவைக்காது என்பதைக் கேட்போர் அறிவர். நிலையங்கள் குறையக் குறைய, கேளாதவற்றின் பட்டியலை எழுதுவதற்கும் பொருளில்லாமற் போகும். ஒரு நிலையம் துருவ ஒளியால் மறைந்ததா, மூடப்பட்டதால் மறைந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

2024-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் எழுந்த காந்தப் புயல் பார்ட்டல்ஸ் வகுத்த அளவில் ஒன்பதை எட்டியது. இமயத்தின் லடாக் பகுதியிலுள்ள ஹன்லே வானாய்வு நிலையத்திலும் செவ்வொளி பதிவாயிற்று. பூமியிலிருந்து பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்கள் துகள் பெருக்கு வருவதை அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ முன்கூட்டியே அறிவித்துவிடும் காலம் இது. குடிலில் இருப்போரும் அவ்வறிவிப்பைக் கைக்கருவியில் பார்த்துக்கொள்கின்றனர். பார்த்த பின்னும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வளையம் சுருங்கி வடவழி மீண்டும் திறக்கச் சில நாள் ஆகும். அதுவரை பனியிற் புதைந்த கம்பியைச் சரிசெய்து, விறகு பிளந்து, மணிக்கொரு முறை பெட்டியைத் திருப்பிப் பார்த்துக் காத்திருக்கின்றனர்.